நண்டின் உருவமும் இருப்பிடமும்: கடலோர மிராசுதார்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்

பயிருக்குக் கெடுதல் செய்யும் ஜந்துக்களைப்பற்றி இந்தச் சஞ்சிகையில் அடிக்கடி எழுதப்பட்டு வருகிறது. அவற்றுள் நண்டும் ஒன்று. ஆயினும் நண்டைக் கொல்லும் வகைகளைப்பற்றிப் பேசுகிற நாம், அது எந்த நண்டு, எங்கிருந்து வந்தது, ஏன் அவ்வுருவம் பெற்றிருக்கிறது என்று விசாரிப்பதில்லை. விசாரியாததினால் நேரும் நஷ்டம் சிறிதன்று. கடலோரத் தாலுகாக்களில் நிலம் வைத்திருப்பவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் நண்டின் உருவத்தைப் பார்த்து அதன் இருப்பிடத்தைக் கண்டுகொள்ளப் பழகவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் கண்ட ஒரு சம்பவம்

2019ஆம் ஆண்டு சம்பாப் பருவத்தில், காவேரிக் கடைமடையிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து என்னை அழைத்தார்கள். நடவு ஆகி மூன்று வாரம்கூட நிரம்பவில்லை. வடிகால் வாய்க்காலை ஒட்டிய தாக்குகளில் பயிர் திட்டுத்திட்டாக மடிந்துகொண்டிருந்தது. வாய்க்கால் கரை முழுதும் நண்டு வளைகள். "நண்டு வெட்டுகிறது" என்று ஊரார் தீர்மானித்து, கடையில் கிடைத்த ஒரு குருணை விஷத்தைச் சோற்றில் பிசைந்து வளைதோறும் வைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது செத்த நண்டுகளை ஒரு கூடையில் வாரி வைத்திருந்தார்கள். அக்கூடைக்கு அருகில், வாத்து மேய்த்துப் பிழைக்கும் ஓர் அம்மாளின் பதினொரு வாத்துக்களும் செத்துக் கிடந்தன.

கூடையைக் கொட்டிப் பார்த்தேன். வயல் நண்டுகள் நாலைந்துதான் இருந்தன. மற்றவையெல்லாம் ஒற்றைக் கொடுக்குப் பெருத்த சிறு நண்டுகளும், சதுரமான ஓடுடைய சேற்று நண்டுகளுமே. கடைசிக் கால் துடுப்பைப்போல் தட்டையான களி நண்டின் குஞ்சுகளும் இரண்டு இருந்தன. இவற்றில் ஒன்றேனும் நெல்லை வெட்டும் ஜாதியன்று. எல்லாம் உப்பு நீரில் பிழைப்பவை. பயிரைப் பார்த்தேன். வெட்டுண்ட நாற்று ஒன்றுகூட மிதக்கவில்லை. இலை நுனி வெளுத்துக் கருகி, வாய்க்காலை அடுத்த பள்ளமான பகுதியில் மட்டும் பயிர் குறுகி நின்றது. கருவியைக் கொண்டு வாய்க்கால் ஜலத்தை அளந்ததில், நெற்பயிர் தாங்கும் அளவுக்கு வெகு மேலாக உப்பு இருந்தது. வாய்க்காலின் வழியே கடைசிவரை நடந்து சென்றோம். கடல்நீர் ஏறாமல் தடுக்கும் கதவில் இரண்டு பலகைகள் இற்றுப்போய், ஓதம் ஏறும்போதெல்லாம் உப்பு நீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகவே அக்கதவு அந்நிலையில் இருந்ததாகப் பிற்பாடு தெரியவந்தது.

இதில் என் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நடவுக்கு முந்திய மாதத்தில் நான் அதே கிராமத்துக்குப் போயிருந்தேன். அதே கரையில் ஒற்றைக் கொடுக்கு நண்டுகள் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, சிறிது நேரம் நின்று வேடிக்கையும் பார்த்தேன். ஆனால் அவை அவ்விடத்தில் இருப்பதன் பொருள் என்ன என்று நான் யோசிக்கவில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை. அன்று யோசித்திருந்தால் நடவுக்குமுன் கதவைச் செப்பனிட்டிருக்கலாம். ஓர் ஏழையின் வாத்துக்களும் பிழைத்திருக்கும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வருத்தமே.

நண்டு என்னும் உருவம்

நண்டு என்பது வாலைச் சுருட்டி வயிற்றின்கீழ் மடக்கிக்கொண்ட, ஓடு அகன்ற, பத்துக் காலுடைய ஜந்து. முன்னிரண்டு கால்கள் கொடுக்குகள். மற்ற எட்டும் நடக்கவோ, நீந்தவோ, தோண்டவோ உதவுபவை. இறாலைப்போல் நீண்ட வால் இல்லாததால் உடம்பு கச்சிதமாகி, வளைக்குள்ளும் கல்லிடுக்கிலும் நுழைய வசதியாயிற்று. இவ்வுருவம் மிகப் பயனுள்ளது என்பதற்கு அத்தாட்சி யாதெனில், உண்மையான நண்டுக் குலத்தைச் சேராத வேறு சில ஜந்துக்களும் தனித்தனியே இதே உருவத்தை அடைந்திருக்கின்றன. 1916ஆம் ஆண்டில் போரடெயில் என்னும் ஆங்கிலேய விலங்கு நூலார் இவ்வாறு நண்டாக மாறுவதற்குத் தனியாக ஒரு பெயரே இட்டார். நமது தேசத்து நண்டுகளை வகைப்படுத்தி 1895 முதல் 1900 வரை வங்காள ஆசிய சங்கத்துச் சஞ்சிகையில் விரிவாக எழுதியவர் ஆல்காக் என்பவர்.

பொது உருவம் ஒன்றாயினும், வாழும் இடத்துக்குத் தக்கபடி ஓடும் காலும் கண்ணும் கொடுக்கும் வேறுபடுகின்றன. கொத்துக்கு ஒரு கரண்டியும் மரத்துக்கு ஓர் உளியும் வைத்திருப்பதுபோல, அந்தந்த இடத்து வேலைக்கு வேண்டிய ஆயுதம் அந்தந்த நண்டின் உடம்பிலேயே அமைந்திருக்கிறது. ஆயுதத்தைப் பார்த்துத் தொழிலைச் சொல்லிவிடலாம் அல்லவா? நண்டு விஷயமும் அவ்விதமே.

நீந்தும் நண்டுகள்

மீன் கடைகளில் விற்கும் நீலக்கால் நண்டையும், முதுகில் மூன்று புள்ளியுடைய முக்கண் நண்டையும், சிலுவைக் குறியுள்ள சிலுவை நண்டையும் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இவை யாவற்றிலும் கடைசி ஜோடிக் கால்களின் நுனி கூராக இல்லாமல், ஓடக்காரனுடைய துடுப்பைப்போல் அகன்று தட்டையாக இருக்கும். இதுவே நீந்தும் நண்டின் முத்திரை. ஓடு குறுக்கில் அகன்றும், மேலும் கீழும் தட்டையாகவும் இருப்பதால் பக்கவாட்டில் செல்லும்போது ஜலத்தை எளிதில் கிழிக்கும். நீலக்கால் நண்டுக்கு ஓட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்பது பற்கள். கடைசிப் பல் முள்ளைப்போல் நீண்டிருக்கும். கொடுக்குகள் மெலிந்து நீண்டவை. ஓடும் இரையைத் தாவிப் பிடிக்க ஏற்றவை. இவை திறந்த கடலில் மணலும் வண்டலும் கலந்த அடித்தரையில் வாழ்பவை. விளைநிலத்தோடு இவற்றுக்குச் சம்பந்தமில்லை.

இக்குடும்பத்தில் நமக்கு முக்கியமானது களி நண்டு. இதற்கும் கடைசிக் கால் துடுப்பே; பக்கத்துக்கு ஒன்பது பற்களும் உண்டு. ஆனால் அப்பற்கள் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். நீண்ட முள் கிடையாது. வளைக்குள் புகுவதற்கு நீண்ட முள் இடைஞ்சல் அல்லவா? ஓடு கனத்து வழுவழுப்பாகவும், கொடுக்குகள் பருத்துச் சிப்பியை உடைக்கும் வலிமையுடனும் இருக்கும். அதாவது, நீந்தும் குலத்தில் பிறந்து, சேற்றில் வளை தோண்டிக் குடியிருக்கும் பழக்கத்தை மேற்கொண்ட நண்டு இது. அதன் உடம்பில் இரண்டு தொழிலின் அடையாளங்களும் உள்ளன. பிச்சாவரம், முத்துப்பேட்டை முதலிய அலையாத்திக் காடுகளின் கழிகளில் இது வளர்கிறது. முட்டை பொரிக்கும் காலத்தில் பெண் நண்டு கடலுக்குள் செல்லும். ஒரு தடவையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளைச் சுமக்கும். குஞ்சுகள் நண்டு உருவமே இல்லாமல் கடல் ஜலத்தில் மிதந்து, பல தடவை சட்டை உரித்து, பிற்பாடே கழிக்குத் திரும்பும். ஆகையால் களி நண்டின் குஞ்சு உங்கள் வடிகாலில் அகப்படுமாயின், அவ்வடிகாலுக்கும் கடலுக்கும் இடையே திறந்த வழி ஒன்று இருக்கிறது என்பது நிச்சயம்.

மணற்கரை நண்டுகள்

கடற்கரையில் மாலை வேளையில் விர்ரென்று ஓடி வளைக்குள் மறையும் நண்டைச் சிறுவர்கள் துரத்துவது வழக்கம். இதன் ஓடு சதுரப் பெட்டியைப் போன்றது. கால்கள் நீண்டு மெலிந்தவை. கண்கள் நெட்டுக்குத்தாக உயர்ந்த தண்டுகளின்மேல் நிற்பவை. நொடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகம்வரை ஓடக்கூடியது. காலின் அடியில் இடையிடையே மயிர்க்கற்றைகள் உண்டு. ஈர மணலில் உட்கார்ந்து அவற்றின் வழியாக ஜலத்தை உறிஞ்சிச் செவுளை நனைத்துக்கொள்ளும். ஆகையால் கடலுக்குள் இறங்காமலே வெகு நேரம் கரையில் திரிய முடிகிறது.

ஓதம் வற்றிய மணலில் கடுகு உருண்டைகளைப் பரப்பினாற்போல் மணல் உருண்டைகளை வைத்துப் போகும் பட்டாணி அளவுள்ள நண்டு வேறொன்று. இதன் உடம்பே உருண்டை. அதனால் ஈரம் எளிதில் வற்றாது. ஈர மணலில் விரைவாய்ப் புதையலாம். இதன் கால்களில் மெல்லிய சன்னல் போன்ற தோல் பகுதிகள் இருக்கின்றன. அவற்றின் வழியே காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொள்ளும். அலை வந்து மீளும் இடத்திலோ முட்டை வடிவமான மற்றொரு ஜந்து, கொடுக்கே இல்லாமல், பின்புறமாக மணலுக்குள் புதைந்து, கடலை நோக்கி முகம் வைத்து, திரும்பும் அலையில் வரும் இரையை இறகு போன்ற உணர்கொம்புகளால் வடிகட்டித் தின்னும். இது உண்மை நண்டுக் குலத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் இடம் உருவத்தை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் கிடையாது.

பாறை நண்டுகள்

இராமேசுவரம், கன்னியாகுமரி முதலிய இடங்களில் பாறைமேல் ஓடும் நண்டுகளைக் காணலாம். அவற்றின் உடம்பு அடைபோல் தட்டையானது, அலை மோதினால் பிடிப்பு நழுவாது, பிளவுக்குள்ளும் நுழையலாம். காலின் நுனி கொக்கிபோல் கூர்ந்து முட்களுடன் பாறையைப் பற்றும். விவசாயிகளுக்கு இவற்றால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. ஆகையால் இம்மட்டில் நிறுத்துகிறேன்.

சேற்று நண்டுகளும் அலையாத்தியும்

நமக்கு மிகவும் வேண்டியவை இந்த வகுப்பே. கழிமுகச் சேற்றுவெளியில் ஆயிரக்கணக்காய் நிற்கும் ஒற்றைக் கொடுக்கு நண்டில், ஆணுக்கு ஒரு கொடுக்கு மாத்திரம் பருத்திருக்கும். சிலவற்றில் அக்கொடுக்கு உடலின் மொத்த எடையில் மூன்றிலொரு பங்குக்கும் அதிகம். அதை ஆட்டிப் பெண்ணை அழைக்கும், எதிரியோடு மல்லுக்கட்டும். உண்பதற்குச் சிறிய கொடுக்கு ஒன்றே உதவும். பெண்ணுக்கு இரண்டும் சிறியவை. ஓடு முன்புறம் அகன்று பின்புறம் குறுகும். அலையாத்தி மரங்களின் அடியில் வாழும் மற்றொரு வகை நண்டுக்கு ஓடு ஏறக்குறையச் சதுரம். கன்னப்பகுதியில் வலைபோன்ற மயிர் வரிசை உண்டு. செவுளிலிருந்து வெளிவரும் ஜலம் அவ்வலையின்மேல் மெல்லிய படலமாய் ஓடிக் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பெற்று மறுபடியும் உள்ளே செல்லும். ஒரே ஜலத்தைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கும் இவ்வித்தை, நீர் வற்றிய வேளையிலும் அதைப் பிழைக்க வைக்கிறது.

கண்களின் அமைப்பிலும் இருப்பிடம் தெரியும். மறைவில்லாத சமவெளியில் வாழும் நண்டுகளுக்குக் கண்தண்டுகள் நெடியவை. ஒன்றுக்கொன்று நெருங்கி ஓட்டின் நடுவில் எழும். தொலைவில் அடிவானத்துக்கு மேலே தோன்றுவது பறவை, கீழே தோன்றுவது தன்னினம் என்று கண்டறிய அவ்வுயரம் வேண்டும். மரவேர்களுக்கும் கற்களுக்கும் இடையில் வாழ்பவற்றுக்கோ கண்தண்டுகள் குட்டையானவை. ஓட்டின் இரு மூலைகளில் விலகி நிற்கும். வெளியில் நிற்பவனுக்கு மேடை வேண்டும். புதரில் இருப்பவனுக்கு வேண்டாம்.

இச்சேற்று நண்டுகள் உதிர்ந்த இலையைத் தின்று உரமாக்குகின்றன. வளை தோண்டி இறுகிய சேற்றுக்குள் காற்றும் நீரும் செல்ல வழி செய்கின்றன. வயலில் ஏர் செய்யும் வேலையை அலையாத்திக் காட்டில் இவை செய்கின்றன என்று சொன்னால் மிகையாகாது. அக்காடுகள் கடற்காற்றுக்கும் பேரலைக்கும் முன்வரிசைக் காவலாக நிற்பவை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் பகுதியில் விளைநிலங்கள் உப்பேறிப் போனதையும், 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரணியம் பகுதியையும் முத்துப்பேட்டைக் காட்டையும் அலைக்கழித்ததையும் நாம் மறக்கவில்லை. ஆகையால் சேற்று நண்டைக் கழியில் கண்டால் அதை விட்டுவிடுங்கள். அது தன் வீட்டில் இருக்கிறது. உங்கள் நிலத்தருகில் கண்டால் அதைக் கொல்லவேண்டாம்; அது ஏன் வந்தது என்று கேளுங்கள்.

வயல் நண்டு

இனி, நெல்லை மெய்யாகவே வெட்டும் வயல் நண்டைப் பார்ப்போம். இதற்குத் துடுப்புக்கால் இல்லை. எட்டுக் காலும் கூர்நுனி உடையவை. ஓட்டின் ஓரத்தில் வரிசையான பெரும் பற்கள் இல்லை; வழுவழுப்பாக இருக்கும். ஓட்டின் இருபுறமும் செவுள் இருக்கும் இடம் உப்பிப் புடைத்திருப்பதே இதன் சிறந்த அடையாளம். அவ்வறையின் உட்புறத் தோல் நுரையீரலைப்போல் காற்றை உட்கொள்ளும். ஆகவே ஜலம் வற்றிய வரப்பில் இரவெல்லாம் நடமாட முடிகிறது. பொதுவாகவே, கரையில் வாழும் நண்டுகளுக்குச் செவுளின் பரப்பு, நீந்தும் நண்டுகளைக் காட்டிலும் குறைவு. "நண்டு கொழுத்தால் வளையில் இராது" என்று நம் பெரியோர்கள் சொன்னது வயல் நண்டைக் கண்டே என்று நினைக்கிறேன்.

மற்றொரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வயல் நண்டு கடலுக்குப் போவதில்லை. சில நூறு பெரிய முட்டைகளைத் தாய் தன் வயிற்று மடிப்பில் சுமக்கிறது. அவை பொரிக்கும்போதே சிறிய நண்டுகளாய் வெளிவந்து சில காலம் தாயின் மடிப்பிலேயே தங்குகின்றன. வயிற்று மடிப்பு அகன்று வட்டமாக இருந்தால் பெண். குறுகிக் கூம்பியிருந்தால் ஆண். கோடையின் முடிவில் முட்டையோ குஞ்சோ உள்ள ஒரு பெண் நண்டைப் பிடித்து அகற்றினால் ஒரு குடும்பம் முழுவதையும் அகற்றியதாகும். இதற்கு விஷம் எதற்கு?

வயல் நண்டு செய்யும் சேதத்தைக் கண்டறிவதும் சுலபம். இளநாற்றை நீர்மட்டத்துக்கு அருகில் வெட்டும். வெட்டுண்ட துண்டுகள் மிதக்கும். வரப்பில் வளையும் வளைவாயில் மண்ணும் தெரியும். கட்டிய ஜலம் ஒரே இரவில் அடுத்த தாக்குக்கு ஒழுகியிருக்கும். உப்புச் சேதத்தில் இவற்றில் ஒன்றும் இராது. இலை நுனி வெளுத்துக் காய்ந்து, பள்ளமான இடத்தில் பயிர் திட்டுத்திட்டாய்க் குன்றும்.

பார்க்க வேண்டிய நான்கு அடையாளங்கள்

ஆகவே, வளை கண்டவுடன் விஷம் தேடாமல், ஒரு பானையைத் தரைமட்டத்துக்குப் புதைத்து அதில் சிறிது கருவாட்டையோ தவிட்டையோ இட்டு, பத்து நண்டுகளைப் பிடித்துப் பாருங்கள்.

முதலாவது, கடைசிக் கால்: துடுப்பானால் அது கடலையோ கழியையோ சேர்ந்தது.

இரண்டாவது, கொடுக்கு: ஒன்று வெகுவாகப் பருத்து மற்றொன்று மிகச் சிறுத்திருக்குமானால் ஒற்றைக் கொடுக்கு நண்டு, உப்புச் சேற்றைச் சேர்ந்தது. வயல் நண்டிலும் ஆணின் கொடுக்குகள் சமமாக இரா. ஆனால் சிறியதும் போதிய பருமனுடன் இருக்கும்.

மூன்றாவது, கண்ணும் ஓடும்: நெடிய கண்தண்டும், முன் அகன்று பின் குறுகிய ஓடும், அல்லது சதுர ஓடும், உப்பங்கழியின் அடையாளங்கள்.

நான்காவது, செவுளறை: இருபுறமும் உப்பி, ஓரம் வழுவழுப்பாக இருந்தால் வயல் நண்டு.

ஆட்சேபங்களும் சமாதானமும்

"நண்டு நண்டுதானே, காலை எண்ணிக்கொண்டிருந்தால் நடவு யார் செய்வது?" என்று ஒரு மிராசுதார் என்னிடம் கேட்டார். பத்து நண்டைப் பார்க்கக் கால்மணி நேரம் போதும். தவறான மருந்து வைத்தபின் வரும் நஷ்டமோ ஒரு பருவம் முழுவதும் தீராது. அன்றியும், நம் வயல் நண்டை நமது நிலத்தில் உழைக்கும் குடும்பங்கள் பிடித்துக் குழம்பும் ரசமும் வைக்கின்றன. அதைக் கொக்கும் நாரையும் வாத்தும் தின்னுகின்றன. வளையில் வைக்கும் விஷம் அவர்களுடைய அடுப்புக்குப் போகும் என்பதை நிலம் உடையவர் நினைக்க வேண்டும். குருணை விஷங்களில் வெகுகாலம் புழங்கிய போரேட் என்பதை அரசாங்கம் 2018ஆம் ஆண்டு ஆணையின்படி, 2020 டிசம்பர் 31 முதல் விற்பனையினின்றும் உபயோகத்தினின்றும் விலக்கிவிட்டது. பழைய டப்பா வீட்டில் இருந்தால் அதையும் நண்டுக்கென்று எடுக்கலாகாது.

மற்றோர் ஆட்சேபம் இதைவிட வலியது. உருவம் எப்போதும் உண்மை சொல்லுமா என்பது. எப்போதும் சொல்லாது. வங்காள விரிகுடாக் கரையில் ஒருவகை நண்டு உண்டு. தட்டையான சதுர ஓடும், நடக்கும் கால்கள் எல்லாம் தட்டையாகி ஓரத்தில் மயிர்ச்சரமும் உடையது. இது கடலில் பிறந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் ஏறி நன்னீரிலேயே வாழும், வயலிலும் புகும். இதை மட்டும் கண்டு ஜலம் உப்பு என்று சொல்லிவிட முடியாது. களி நண்டும் உப்புக் குறைந்த ஜலத்தில் பிழைக்கும். ஆகையால் நண்டு சொல்வது சாட்சியமே அன்றித் தீர்ப்பு அன்று. தீர்ப்பு ஜலத்தையும் மண்ணையும் பரிசோதிப்பதால் வரும்.

அப்பரிசோதனையின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கடல் ஜலத்தில் ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு உப்பு உண்டு. நீர் தோய்ந்த மண்ணின் சாற்றில் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசைமன் வரையில் நெல்லின் மகசூல் குறைவதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் நூற்றுக்கு 12 வீதம் குறையும் என்பது 1977ஆம் ஆண்டில் மாஸ், ஹாஃப்மன் என்பவர்கள் தொகுத்த கணக்கு. அதன்படி 5 டெசிசைமனில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு விளைச்சல் போய்விடும். இளநாற்றும் பூக்கும் பருவமும் உப்பை இன்னும் குறைவாகவே தாங்கும். இந்த நஷ்டத்தை எந்த நண்டு மருந்தும் ஈடுசெய்யாது.

செய்யவேண்டியவை

வந்தது வயல் நண்டானால்: நடவுக்குமுன் அண்டை வெட்டி, சேற்றை அணைத்து, வரப்பை ஒடுக்கமாக வையுங்கள், அகன்ற வரப்பு நண்டுக்கும் எலிக்கும் மாளிகை. புதைத்த பானைகளை இரவில் வைத்துக் காலையில் எடுங்கள். மிக இளநாற்றை நடாமல், தண்டு முற்றிய நாற்றை நடுங்கள். அறுவடைக்குப்பின் வாத்து மந்தையை மேயவிடுங்கள். சிறு நண்டையும் நத்தையையும் அவை தீர்த்துவிடும். பிடிக்க வருபவர்களைத் தடுக்காதீர்கள். அவர்கள் கூலி வாங்காமல் உங்கள் வேலையைச் செய்கிறார்கள்.

வந்தது உப்பு நீர் நண்டானால்: நண்டை விட்டுவிட்டு வடிகாலின் கோடிவரை நடந்து, கதவையும் கரையையும் பாருங்கள். ஜலத்தையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பயிர் ஆரம்பத்தில் இருந்தால், நல்ல ஜலம் கிடைக்கும்போது கட்டி வடித்து உப்பைக் கழுவுங்கள்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு விண்ணப்பம். மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். திறப்புத் தாமதமாகும் வருஷங்களிலும், ஆற்று ஜலம் கடைமடைக்கு வந்து சேராத மாதங்களிலும் கடலின் ஓதமே வாய்க்காலில் ஆட்சி செய்யும். அக்காலத்தில் மாதம் ஒரு தடவை வடிகால் கரைகளைச் சுற்றிவந்து, ஒற்றைக் கொடுக்கு நண்டின் வளைகள் எந்த இடம்வரை ஏறியிருக்கின்றன என்று குறித்து வையுங்கள். சென்ற மாதம் இருந்த இடத்தினின்று அவ்வெல்லை வயலை நோக்கி நகர்ந்திருந்தால், கதவையும் ஜலத்தையும் அன்றே பார்க்கவேண்டும். கருவி இல்லாத கிராமத்திலும் இந்தக் கணக்கை வைக்கலாம். காகிதமும் கண்ணும் போதும். பழுதான கதவைப்பற்றி மேலதிகாரிகளுக்கு எழுதும்போது, "நண்டு எல்லை இவ்வளவு தூரம் ஏறியது; ஜலத்தின் அளவு இவ்வளவு" என்று தேதியுடன் எழுதினால், வெறும் முறையீட்டைவிட அதற்கு வலிவு அதிகம்.

களி நண்டை வளர்த்து லாபம் அடைய விரும்பும் கடலோர நிலச்சுவான்தார்களுக்கு ஒரு வார்த்தை. சீர்காழிக்கு அருகே தொடுவாயில் களி நண்டுக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. உப்பங்கழியை அடுத்த, நெல்லுக்கு உதவாத நிலத்தில் அதைப்பற்றி யோசிக்கலாம். ஆனால் நல்ல நெல்வயலின் நடுவில் உப்பு நீரைக் கொண்டுவந்து குட்டை கட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். அடுத்தவன் வரப்புக்குள் உப்பு ஊறுவதை எந்தக் கரையும் முழுதும் தடுக்காது. நண்டு தன் உடம்புக்கு ஏற்ற இடத்தில் இருக்கிறது. நாமும் நிலத்துக்கேற்ற தொழிலைச் செய்வதே முறை.

முடிவுரை

அந்தக் கிராமத்துக் கதவுக்குப் பிற்பாடு புதுப் பலகைகள் போடப்பட்டன. இரண்டு மழைக்காலங்களுக்குப் பின் நான் போனபோது, ஒற்றைக் கொடுக்கு நண்டுகள் வெகுதூரம் கீழே, கதவுக்கு வெளிப்புறச் சேற்றில் தங்கள் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. உட்புறக் கரையில் அவற்றின் வளைகள் தூர்ந்திருந்தன; வரப்பில் வயல் நண்டு நாலைந்து ஓடின. அவற்றைக் கண்டு அவ்வூர் மிராசுதார் மகிழ்ந்ததை நான் பார்த்தேன். "நல்ல ஜலம் வந்துவிட்டது என்று இவை சொல்லுகின்றன" என்றார். வாத்து மேய்க்கும் அம்மாளுக்கு ஊரார் சேர்ந்து குஞ்சுகள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவை அதே வயலில் மேய்ந்துகொண்டிருந்தன.

நண்டு வாய் பேசாது. அதன் உடம்பு பேசும். விஷக் கலத்தை எடுப்பதற்குமுன் அப்பேச்சைக் கேட்கும்படி கடலோர விவசாயிகளையும் கிராம உத்தியோகஸ்தர்களையும் மிகவும் வேண்டிக்கொள்ளுகிறேன்.

— ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர்